அணில் முட்டாத கதவு

மரத்தடியில் நரி கதை சொல்லும். அணிலும் ஆமையும் பகடை உருட்டி, அந்தக் கதைக்குள் வீரர்களாகக் குகை குகையாய்ப் போகும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பது நரியின் கற்பனை; வீரன் பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில். ஆட்டத்தின் புது விதிப்படி, செத்த வீரன் ஒரு தூக்கம் போட்டால் எழுந்துவிடுவான். அதனால் அணிலின் வீரன் எந்தக் கதவையும் தலையால் முட்டித்தான் திறப்பான். ஆமை கொட்டாவி விடும்.

ஒருநாள் நரி சொன்னது: "விதியெல்லாம் அதேதான். ஒண்ணு மட்டும் பழைய மாதிரி. செத்தா செத்ததுதான்."

"அதுக்கென்ன!" என்று அணில் முதல் கதவை முட்டியது. உள்ளே பூதம் நின்றது. பகடை காலை வாரிவிட்டது. ஆசையாய் வளர்த்த வீரன் போயே போனான். அணில் வாலில் முகம் புதைத்து அழுதது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு புது வீரனோடு வந்தது.

அடுத்த கதவை அது முட்டவில்லை. "நரியண்ணே, உள்ளே சத்தம் கேக்குதா? இடுக்குல வாடை வருதா? குச்சியால தள்ளினா என்ன ஆகும்?" என்றது. ஆமை கழுத்தை முழுசாய் வெளியே நீட்டியது.

பொழுது சாயும்வரை கேட்டுக் கேட்டு, கடைசியில் இரண்டும் கதவைத் திறந்தன. வெறும் அறை.

"தப்பிச்சோம்!" என்று இரண்டும் கட்டிக்கொண்டு கூத்தாடின.

நரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. அந்த அறையில் என்ன வைப்பது என்று அது இன்னும் யோசிக்கவே இல்லை.