பொறுமை அதிகாரம்

“உங்க புத்தகத்தைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டேன் பாஸ்டர். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அழுது அழுது தொண்டை கட்டிப்போன பெண் குரல். சபைக் கட்டடத்தின் மாடியில் இருந்த சின்ன ஒலிபரப்பு அறையிலிருந்து ஞாயிறு மாலைதோறும் நேரடியாகப் போகும் குடும்ப நிகழ்ச்சி அது. நேயர்கள் போனில் குறையைச் சொல்வார்கள், பாஸ்டர் ஆறுதல் சொல்வார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் இந்த வேலைக்கு வந்த நாளாக, பாஸ்டரின் புத்தகத்தைப் புகழாமல் பேச்சை ஆரம்பித்தவர் ஒருவரும் இல்லை.

பாஸ்டர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “கோபத்துல பேசற. கொஞ்சம் அமைதியாகு.”

ஒலிப்பதிவுக்காரிக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூப்பிட்டால்கூட ‘சொல்லுங்க’ என்று பேசுகிற மனுஷன். புத்தகத்தைக் கிழித்தேன் என்றதும் மரியாதை பறந்துவிட்டதாக்கும்!

“அமைதியா இருந்து இருந்துதான் எனக்கு இந்தக் கதி. என் புருஷன் ஆராதனையில கீபோர்டு வாசிக்கிறவன். கண்ணை மூடிக்கிட்டு அவன் வாசிச்சா சபையே உருகும். அந்தக் கையாலதான் என் விரலைக் கார் கதவுல வச்சு சாத்தினான்.”

“கவனிக்காம சாத்தியிருப்பார்.”

“வலிக்குதான்னு கேட்டான். ஆமான்னு சொன்னேன். மறுபடியும் சாத்தினான். அதுவும் கவனிக்காமத்தானா?”

ஒலிப்பதிவுக்காரி தன்னையறியாமல் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“கோபம் எல்லா வீட்டுலயும் வர்றதுதான்” என்றார் பாஸ்டர், மேடைக்குரலை வரவழைத்துக்கொண்டு. “அதுக்காகக் குடும்பத்தை உடைச்சுக்க முடியுமா? நான் பொறுமை அதிகாரத்துல எழுதியிருக்கேனே...”

“தெரியும். ‘மனைவி தாங்கிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் கணவன் திருந்துவான்.’ எனக்கு மனப்பாடம். அந்த ஒரு நாள் எப்ப வரும் பாஸ்டர்? மிச்ச விரலும் போனப்புறமா?”

போன் இணைப்புகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கின. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. பாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உன் வீட்டுப் பெரியவங்ககிட்ட பேசு. இதெல்லாம் நாலு பேர் கேட்கப் பேசற விஷயமில்ல.”

“பேசாம இருப்பேனா? கட்டுப் போட்ட கையோட எங்க அப்பா வீட்டுக்குத்தான் முதல்ல போனேன். உள்ள வான்னுகூட சொல்லல. உங்க புத்தகத்தை எடுத்துட்டு வந்து, அதே அதிகாரத்தை வாசிச்சுக் காட்டினார். அப்புறம் என்னைக் கார்ல ஏத்தி, திரும்ப அங்கயே கொண்டு போய் விட்டார்.”

“உன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பார்.”

“அவர் பேரைக் காப்பாத்திக்கச் செஞ்சார்! பொண்ணு வாழாம வந்துட்டான்னு தெரிஞ்சா, வெளிய தலைகாட்ட முடியாதாம். அவனையும் என்னையும் முட்டி போட வச்சு ஜெபம் பண்ணிட்டுப் போனார். அவர் கார் தெருமுனை திரும்பல, அதுக்குள்ள எனக்கு அடுத்த அடி விழுந்துடுச்சு. அந்த வீட்டை விட்டே வந்துட்டேன். இதுக்கு என்ன சொல்றீங்க? மைக் முன்னாடி சொல்லுங்க, எல்லாரும் கேட்கட்டும்!”

பாஸ்டர் கண்ணாடி வழியாக ஒலிப்பதிவுக்காரியைப் பார்த்து, கழுத்தின் குறுக்கே விரலை இழுத்தார். கட் பண்ணு.

எத்தனையோ பெண்களின் அழுகையை அந்த ஒரு சைகைக்கு அவள் நிறுத்தியிருக்கிறாள். நிறுத்திவிட்டு ஒரு பாட்டைப் போட்டுவிடுவாள். இன்றைக்குக் கை பொத்தானுக்குப் போகவில்லை.

அவர் மீண்டும் சைகை காட்டினார். அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவர் எழுந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் அவரை நேராகப் பார்த்தாளே தவிர, அசையவில்லை.

“லைன் இருக்கா?” என்றது அந்தக் குரல்.

“இருக்கு, பேசுங்க” என்றாள் ஒலிப்பதிவுக்காரி. தன் குரல் நிகழ்ச்சியில் கேட்பது அதுதான் முதல் தடவை.

பாஸ்டரின் முகம் சிவந்தது. இத்தனை நாள் மைக் அறியாத குரலில் வெடித்தார். “யாருக்கு எதிரா யார் பேசறது? பெத்து, வளர்த்து, படிக்க வச்சு, ஊர் மெச்சக் கட்டிக் கொடுத்த மனுஷனை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கறியா? இதான் நீ கத்துக்கிட்ட விசுவாசமா?”

“நான் கத்துக்கிட்டது இருக்கட்டும். எங்க அப்பா செஞ்சது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க.”

“சரிதான்! ஆயிரம் தடவை கேட்டாலும் சரிதான்! இன்னிக்கு ராத்திரியே நீ உன் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போற. சந்தேகம் இருந்தா போய் உன்னைப் பெத்தவகிட்ட கேளு. புருஷன் சொல்லைத் தட்டாம அடங்கி ஒடுங்கிக் குடும்பம் நடத்தறவ அவ. அவளும் இதையேதான் சொல்லுவா!”

எதிர்முனையில் அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது:

“அம்மாவும் உங்க வீட்டை விட்டு என்கூட வந்துட்டாங்க, அப்பா.”