பார்வை நுழையாத சுவர்

"செவுத்துல இம்மாம் ஓட்டை எதுக்கும்மா? உள்ள பொம்பளைங்க நீஞ்சுறத ஊரே வேடிக்கை பாக்கவா?"

ஐம்பதைத் தாண்டிய கன்னியம்மா எழுந்து கேட்டதும் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

சுதாவுக்குச் சுருக்கென்றது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வரப்போகும் விளையாட்டு அரங்கம்தான், ஆர்க்கிடெக்டாக அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அதைத்தான் ஊராருக்குத் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். நீச்சல் குளத்தைச் சுற்றி, தேன்கூடு மாதிரி துளைகள் நிறைந்த சுவர். கம்ப்யூட்டரில் ஓர் அளவை மாற்றினால் போதும். அத்தனை துளைகளும் தாமாகவே உரு மாறும்.

"காத்துக்கும் வெளிச்சத்துக்கும்தாங்க."

"காத்து வர்ற வழில கண்ணும் வரும்ல? எதிர்ல அத்தினியும் மாடி ஊடு. இப்பிடியே கட்டுனா எங்க தெருவுலேர்ந்து ஒருத்தி வரமாட்டா, சொல்ட்டேன்!"

'பொண்ணுங்களை நீந்த இவங்களே விடமாட்டாங்க போல. இந்தக் காலத்துலயும் இப்படியா!' சுதாவுக்கு எரிச்சல்.

"சுவரை மூடிடலாம் மேடம், தகராறு வேணாம்" என்று கிசுகிசுத்தான் உடன் வந்த உதவியாளன் உதயகுமார்.

சுதாவுக்கு மூட மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குப் புது நிபந்தனை கொடுத்தாள். காற்று குறையக் கூடாது. எந்த மாடியில் நின்று பார்த்தாலும் குளம் தெரியக் கூடாது.

மறு நொடி சுவர் அசைந்தது! துளைகள் மாடிகளுக்கும் மேலே வானத்தை நோக்கிச் சாய்ந்தன. சில சுருங்கின, சில வாய் பிளந்தன. மீன் செதில் சிலிர்த்தது போல முழுச் சுவரிலும் ஓர் அலை ஓடியது.

"யம்மாடியோவ்!"

பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. சுதாவுக்கே புல்லரித்தது. முதலில் போட்டதைவிட இது எவ்வளவு அழகு!

"இப்ப சரியாம்மா?"

கன்னியம்மா திரையை உற்றுப் பார்த்தாள். "ம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான்.

திறப்பு விழா முடிந்த மறுநாள், பெண்களுக்கான நேரம். வெயில் சுவர் வழியே சரிந்து தண்ணீரில் தங்கமாக மின்னியது. சுதா சொக்கிப்போய் நின்றிருந்தபோது வாசலில் சலசலப்பு. கன்னியம்மா! பின்னால் அவள் வயதில் ஒரு பட்டாளமே.

சுதா விடுவிடுவென்று போய் மறித்தாள்.

"இன்னும் என்னம்மா குறை? அதான் பொண்ணுங்களை யாரும் பார்க்க முடியாதே!"

"பொண்ணுங்களா? அதுங்க எப்பிடியும் நீஞ்சும்மா. எங்களுக்குத்தான் வெக்கம் புடுங்கித் தின்னுச்சு!" என்றபடி புடவையைச் சரசரவென அவிழ்த்தாள் கன்னியம்மா. உள்ளே முழுக்கை நீச்சலுடை.

"தள்ளு, தள்ளு... மொத குதி என்னுது!"