இரண்டாவது ஏரியல்

"ஒரே தடவதான் அமுக்குவோம் அண்ணாச்சி. முன்னக்கூட்டி அமுக்கிச் சோதிச்செல்லாம் பாக்க முடியாது. அமுக்குன நொடியில அங்க வேலை நடக்கணும்."

உக்கிரபாண்டி என்று பெயர் சொன்ன மீசைக்காரர் மேசை மேல் வைத்தது, சிங்கப்பூர் பொம்மைக் காரின் ரிமோட். இராஜபாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மைக்கேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காரு எங்க?"

"காரை உடைச்சு, உள்ள இருந்ததை வேற ஒண்ணுல மாட்டியாச்சு. அது ஒங்களுக்கு எதுக்கு? நடுவுல பெரிய மறைப்பு இருக்கு, ஒத்த ஏரியல் பத்தாது. இன்னொண்ணு வச்சுக் குடுங்க."

"என்னைக்கு வேணும்?"

"தேருக்கு முந்தின நாள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் அன்னைக்குத்தான் இதுக்கு வேலையே. யாருட்டயும் மூச்சு விட்றாதீக."

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஆடி மாதம் அது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து, ஏரியல் முளைத்த எதைக் கண்டாலும் ஊருக்கே சந்தேகம். பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரை விசாரிக்க என்று ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அவர் கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

போலீசுக்குப் போனால் முதலில் உள்ளே போவது மைக்கேல்தான். முடியாது என்றால் இந்த மீசை சும்மா விடுமா? செய்து கொடுத்தாலோ, வடம் பிடிக்க வரும் அத்தனை ஜனமும்... அதற்கு மேல் நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, ஒங்க தம்பி ஞானரத்தினத்துக்கு வேலை கெடைச்சிருச்சாம்! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமாம்," என்றாள் மனைவி ஜெயக்கொடி. மில்லில் வேலை போனதிலிருந்து வீட்டோடு கிடந்த தம்பி. வேறு நாளாக இருந்தால் மைக்கேல் துள்ளிக் குதித்திருப்பான். அன்று என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் துணிந்து ஒரு காரியம் செய்தான். ஏரியல் ஒன்றை நட்டமாகவும் இன்னொன்றைப் படுக்கையாகவும் வைத்து அழகாகப் பற்றவைத்தான். பிறகு உள்ளே இருந்த கிரிஸ்டலைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், ஆனால் அலை போகாது.

சொன்ன நாளில் உக்கிரபாண்டி வந்தார். பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது.

"பேஷ்! ஏன் அண்ணாச்சி இப்பிடித் தள்ளித் தள்ளி நிக்கிறீக?"

"கா... காய்ச்சலுங்க."

தேரன்று மைக்கேல் வேலையே பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் வந்தபோதெல்லாம் ஓடிப் போய், இறங்கியவர்கள் முகத்தைப் பார்த்தான். சாயங்காலம் ஒரு பூக்காரம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தேரு ஜாம்ஜாம்னு வந்துச்சு தம்பி, ஒரு கொறையும் இல்ல."

'கர்த்தரே, ஸ்தோத்திரம்!' ஊரையே காப்பாற்றிவிட்ட நிம்மதியில், பையிலிருந்த கிரிஸ்டலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். பசி அப்போதுதான் தெரிந்தது.

"ஞானரத்தினம் எங்க? அவனையும் கூப்பிடு, சேந்து சாப்பிடுவோம்."

"அவன் எங்க வாரது? செண்பகத்தோப்புல, மலையடியில தென்னந்தோப்புக் காவலு. மத்த ஆளுக எல்லாரும் தேருக்குப் போயிட்டாக. நீ வேதக்காரன்தானல, கோயில் தேரு ஒனக்கு எதுக்கு, இன்னைக்கு ராத்திரி நீ இருந்துக்கன்னு அவனை ஒத்தையில விட்டுட்டாகளாம்."

"ஒத்தையிலயா? அங்க யானை எறங்குமே!"

"நானும் அதத்தான் கேட்டேன். அவன் சிரிக்கான். 'பயப்படாதீக மதினி, மொதலாளி ஃபாரஸ்ட்காரருக்குத் தெரியாம பாறைக்கு அந்தாண்ட மில்லுச் சங்கு வச்சிருக்காரு. யானை கிட்ட வந்ததும் அமுக்குனாப் போதும், அது போடுற சத்தத்துல ஓடிரும். அதுக்குன்னே ரெண்டு ஏரியல் வச்ச பொட்டி ஒண்ணு என் கையில குடுத்திருக்காரு'ங்கான்."