பதினேழு சாவிகள்

நிரஞ்சனா கண் விழித்தபோது ஏழாம் வகுப்பின் தரையில் கிடந்தாள். அவளைச் சுற்றிலும் சாவிகள். வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி, பீரோ சாவி, டீச்சரின் சிவப்புக் கயிறு கட்டிய சாவி. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் தடவை டீச்சர்தான் ஓடிவந்து அவள் உள்ளங்கையில் சாவியைத் திணித்தார். உதறிய கையிலிருந்த சாவி டீச்சரின் மணிக்கட்டைக் கீறிவிட்டது. அதன் பிறகு யாரும் கிட்டே வருவதில்லை. பையில் ஆளுக்கொரு சாவி வைத்திருந்து, தள்ளி நின்று எறிந்தார்கள். ‘இரும்பு வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியும்வரை யாராவது பக்கத்தில் இருங்கள்’ என்று டாக்டர் எழுதித் தந்த கடிதம் வருகைப் பதிவேட்டுக்குள் மடித்தபடியே இருந்தது. நெற்றியில் ஒரு சாவி பட்டு ரத்தம் கசிந்தது. அதைத் துடைக்காமல் அவள் சாவிகளைப் பொறுக்கினாள். பதினேழு. எது யாருடையது என்று இத்தனை நாளில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில், பக்கத்தில் உட்காரும் சகாயமேரியிடம் நீட்டினாள். “பெஞ்சுல வச்சிடுடி” என்றாள் அவள். மற்றவர்களும் பெஞ்சையே காட்டினார்கள். கடைசியில் சிவப்புக் கயிற்றுச் சாவி மட்டும் மிஞ்சியது. “மேஜை மேல வச்சிட்டுப் போய் உக்காரும்மா” என்றார் டீச்சர். நிரஞ்சனா வைக்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டியபடியே நின்றாள். அடுத்த பாடத்துக்கு மணி அடித்தது. அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.