முதுகுக்குப் பின்னால் ஆறு

ஒரு பழைய நகரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவன் இந்த நாட்டிலேயே தான் ஒருவன் மட்டும்தான் என்றான் என் அண்ணன் பரணி. கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "மூஞ்சியப் பாக்கவா இவ்வளவு தூரம் வர்றாங்க? வீட்ல கண்ணாடி இல்லையா?" காலையில்தான் அப்பாவின் அஸ்தியைப் பானையோடு ஆற்றில் விட்டிருந்தோம். ரயில் இரவில். "ஆத்தத் திரும்பிப் பாக்காம ஊருக்குப் போயிடுங்க. பாத்தா அவருக்குப் போக மனசு வராது" என்று ஐயர் சொல்லியிருந்தார். ஆகவே மதியம் எதைப் பார்ப்பது என்பதை ஆறுதான் முடிவு செய்தது.

"ஆறு தெரியாத எடமா சொல்லுங்கண்ணே" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"மியூசியம். ஆனா இன்னிக்கு லீவு."

"அரண்மனை?"

"அதுக்கு வாசலே படித்துறைதான் தம்பி."

"கோட்டை?"

"உச்சியில ஏறினா ஆத்தத் தவிர ஒண்ணும் தெரியாது."

"ஏறும்போது மலையப் பாப்போம், எறங்கும்போது படியப் பாப்போம். விடுங்க கோட்டைக்கு" என்றான் பரணி.

உச்சியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பின்னாலிருந்து ஈரக்காற்று வந்தது.

"பானை முங்கிடுச்சாடா?"

"நான் எங்க பாத்தேன்?"

பரணி எழுந்தான். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் தன் முகம் ஆற்றை மறைக்காதபடி தலையைச் சாய்த்துக்கொண்டான். படம் எடுக்கவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தள்ளி நில்லுடா" என்றான். "மறைக்கிற."