இரவல் பூட்ஸ்

அந்த வீட்டில் இரண்டு ஜோடி பூட்ஸ்கள் இருந்தன. அண்ணனுடையது ஆறு வருடமாக மூன்றாம் டிவிஷனில் கால்பந்து ஆடியது. தம்பியுடையது முதல் டிவிஷனில் இரண்டே மாதம் ஆடித் தையல் விட்டிருந்தது.

“சொகுசு உடம்பு,” என்றது பழையது. “அங்கேயும் இதே பந்துதானே?”

“பந்து இதேதான் அண்ணே. அது காலுக்கு வர்றதுதான் எப்பவாவது. மிச்ச நேரமெல்லாம் ஓட்டம்.”

“பந்து இல்லாம எதுக்கு ஓடணும்? எங்க ஆள் அது வர்ற வரைக்கும் இடுப்புல கைவச்சு நிப்பாரு. என்னை ஒருநாள் அங்க விட்டுப் பார்க்கட்டும்.”

அன்று மாலை ஆட்டத்துக்குத் தம்பி அண்ணனின் பூட்ஸை இரவல் வாங்கிப் போனான். ஓடினான், நின்றான், சட்டென்று திரும்பினான், மறுபடி ஓடினான். பந்து ஒருமுறைகூடக் காலுக்கு வரவில்லை. இருபதாவது நிமிடத்தில் பழைய பூட்ஸின் சோல் பிளந்துகொண்டது.

வீட்டில் இரண்டையும் அருகருகே போட்டார்கள்.

“வலிக்குதா அண்ணே?”

பழையது புதியதன் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“உனக்கு எத்தனையாவது ஆட்டத்துல விட்டுச்சு?”

“பதினோராவது.”

“எல்லாம் முழு ஆட்டமா?”

“ஆமா.”

பழையது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.