ஐம்பது தொட்ட காலை

உறைந்த ஏரியில் வெட்டிய குழிக்குப் பக்கத்தில் அப்பா இன்றும் வந்து நின்றார். தேரோ அவரை நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் மறைந்துவிடுவார், பார்க்காவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்.

குழிக்குள் இறங்கியதும் தண்ணீர் கழுத்துவரை கடித்தது. நெஞ்சு திக்கென்றது, ஆனால் நிற்கவில்லை. மூச்சை மெல்ல விட்டு ஏணியில் ஏறி, கரையிலிருந்த சவுனா என்ற நீராவிக் குளியல் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இந்த வெக்கையில், இதே பலகையில்தான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தாத்தாவும் அப்படித்தான். இரண்டு பேருமே ஐம்பதைப் பார்க்கவில்லை.

அதனால்தான் நாற்பது வயதில் சிகரெட், பீர், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் தேரோ தலைமுழுகினான். அன்றிலிருந்து தினமும் இந்த ஏரிக் குளியல். ஊரே அவன் கட்டுப்பாட்டை மெச்சியது. கட்டுப்பாடாவது மண்ணாவது, அத்தனையும் பயம்.

இன்று அவனுக்கு ஐம்பது. மதியம் ஊர் ஜனம் காப்பி குடிக்க வந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ஹில்க்கா, ரொட்டி அடுக்கி மீன் வைத்த பெரிய கேக்கை அலங்கரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா வெண்ணெயை இப்படி அப்பி வெச்சிருக்க?"

"ரெண்டு துண்டு தின்னா ஒண்ணும் ஆகிடாது, சாப்பிடு. டேய் சமுலி, நீ கையை எடு! உனக்கு வெள்ளரிக்காய்தான். நெஞ்சைக் காட்டிட்டு வரச் சொன்னேனே, டாக்டர்கிட்ட போனியா?"

"எனக்கும் நாப்பத்தஞ்சு ஆச்சும்மா" என்று தம்பி சலித்துக்கொண்டான்.

"அதனாலதான் கேக்குறேன்."

எப்போதும் இதே கதைதான். சமுலி தும்மினால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். தேரோவின் நெஞ்சைப் பற்றி ஒருநாளும் அவள் விசாரித்ததில்லை. அந்த வலி அவனுக்குள் ஆறவே இல்லை.

வாசல் பனியைத் தள்ள சமுலி வெளியே போனான். தேரோ பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"நான் செத்தா உனக்குப் பரவாயில்லையாம்மா?"

"நல்ல நாளும் அதுவுமா என்னடா பேச்சு இது?"

"அப்பா மாதிரி நானும் பொசுக்குன்னு போயிடுவேனோன்னு தினம் தினம் செத்துட்டிருக்கேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கியா?"

ஹில்க்காவின் கத்தி பாதியில் நின்றது. "குளிர்ந்த தண்ணின்னா உனக்கு உயிருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

"யாருக்கும்மா அது பிடிக்கும்? ஹெய்தியைக்கூட அதனாலதான் வேணாம்னு அனுப்பினேன். கட்டிக்கிட்டு, அவளும் உன்னை மாதிரி சின்ன வயசுல விதவையா நிக்கணுமா?"

"ஒத்துப்போகலைன்னு சொன்னியே?"

"பொய். அவளை மாதிரி ஒருத்தி எனக்கு இனிமே கிடைப்பாளா?"

அம்மாவின் முகம் வெளுத்தது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். சமுலி வருகிறானா என்று ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மகனின் ஈரக் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பெத்தவருக்கு எண்பது வயசுடா... இன்னும் நல்லாத்தான் இருக்காரு."